தரையை உடைக்கும் முன் கீழ்வீட்டில் போய் உட்காருங்கள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நாற்பது வருடமாகச் சேர்த்த இசைத்தட்டுகளை உட்கார்ந்து கேட்க ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறேன். 12க்கு 14 அடி, உயரம் 10 அடி. இரண்டு டவர் ஸ்பீக்கர், மூலையில் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு 10 அங்குல சப்வூஃபர், ஒரு டர்ன்டேபிள். பாதி கச்சேரி, பாதி சினிமாப் பாட்டு. கீழ்வீட்டுப் பெண் இந்த வருடம் பிளஸ் டூ. அவளுடைய அம்மா போன மாதம் படியேறி வந்து, "அண்ணா, பாட்டு நல்லாத்தான் இருக்குங்க. அந்த டொம் டொம்னு வர்றதுலதான் பாப்பாவுக்குப் படிக்க முடியல" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தரை வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டைல்ஸ் மேலேயே ரப்பர் ஷீட் விரித்து, அதற்கு மேல் மரப்பலகை மாதிரி லேமினேட் போட்டால் முழு சவுண்ட் ப்ரூஃப் ஆகிவிடும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சார். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அந்தத் தரை ஒரு வேலையை நன்றாகவே செய்யும். ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது வேறு வேலை.

கீழ்வீட்டு அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே முக்கால்வாசி விவரம் வந்துவிட்டது. பாடுகிறவர் குரலோ வயலினோ அவருக்குத் தொந்தரவாக இல்லை. "டொம் டொம்" மட்டும்தான். அதாவது டைல்ஸுக்கு அடியில் உள்ள கான்கிரீட் ஸ்லாப் குரலையும் வயலினையும் ஏற்கெனவே நன்றாகத் தடுத்துக்கொண்டிருக்கிறது. தப்பித்துக் கீழே போவது அடிச்சுருதி ஒலி, நாம் பாஸ் என்கிறோமே, அது மட்டும். ஆகவே தரையை எதனால் மூடுவது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த பாஸ் எந்த வழியாகக் கீழே போகிறது என்று முதலில் பார்ப்போம்.

நான் சேலத்தில் குகைப் பகுதியில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். ஜன்னலைச் சாத்தினால் தறிச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஆனால் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் படுத்தால் அதே தாளம் முதுகில் வந்துகொண்டே இருக்கும். அடுப்படி ஷெல்ஃபில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அம்மா ராத்திரி அவற்றுக்கு நடுவில் துணியைச் செருகி வைப்பார். காற்றில் வரும் சத்தம் வேறு, கட்டடத்தில் ஏறி வரும் அதிர்வு வேறு என்பதை நான் பாடத்தில் படிப்பதற்கு முன்னாலேயே முதுகில் கற்றுக்கொண்டேன். ஜன்னலைச் சாத்துவது முதலாவதற்கு மருந்து. இரண்டாவதற்கு, தறியின் காலுக்கும் தரைக்கும் நடுவில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும்.

உங்கள் சப்வூஃபரும் ஒரு சின்னத் தறிதான். அதன் பெட்டி நேராக டைல்ஸ் மேல் நிற்கிறது. கூம்பு முன்னும் பின்னும் ஓடும்போது பெட்டியும் கொஞ்சம் உதைக்கிறது. அந்த உதை டைல்ஸ், ஸ்லாப், பீம், தூண் என்று இறங்குகிறது. அதே நேரத்தில் அது அறையின் காற்றையும் அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஸ்லாப்பையே ஒரு பெரிய தோல் மாதிரி அசைக்கிறது. இரண்டில் எது அதிகம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால்தான் சோதனை செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒரு பைசா செலவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். மேலே வீட்டில் யாரையாவது பாட்டுப் போடச் சொல்லுங்கள், போனில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் அந்தப் பெண் படிக்கும் நாற்காலியிலேயே உட்காருங்கள். அங்கேயேதான் உட்கார வேண்டும், ஹால் சோபாவில் அல்ல. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், அந்த இரைச்சல் பாதியை மறைத்துவிடும். வழக்கமாக வைக்கும் அதே வால்யூமில், பேஸ் கிட்டார் நன்றாக விழும் ஒரு எண்பதுகளின் பாட்டை ஒரு முறை ஓடவிடுங்கள். அடுத்து சப்வூஃபரின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு அதே பாட்டு. மூன்றாவதாக சப்வூஃபரை மறுபடி இணைத்து, நான்காக மடித்த மெத்தை மேலோ இரண்டு தடித்த தலையணை மேலோ தூக்கி வைத்து அதே பாட்டு. ஒவ்வொரு முறையும் காதால் கேட்பதோடு நிற்காமல், உள்ளங்கையைச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்துப் பாருங்கள். தூண் இருக்கும் மூலையிலும் வைத்துப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கியதும் "டொம்" காணாமல் போனால் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல, சப்வூஃபர்தான். தலையணை மேல் வைத்தபோது நன்றாகக் குறைந்தால் அது காலால் உதைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். தலையணையில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் காற்று வழியாகத்தான் அதிகம் போகிறது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். தலையணையில் கொஞ்சம் குறையும், பிளக்கைப் பிடுங்கினால் முழுதாகப் போகும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இப்போது அந்த நாற்காலி விஷயம். உங்கள் அறை 14 அடி நீளம். அறை நீளத்தைப்போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலி அந்தச் சுவர்களுக்கு நடுவில் தேங்கி நின்று கும்மும். 28 அடி அலைநீளம் என்றால் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வு. அகலம் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். உயரம் 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள ஸ்வரங்கள் எல்லாம் வரிசையாக இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டுதான் போகும். சரி, இது உங்கள் அறைக்கு உள்ள வியாதி. கீழே உள்ள அறை? அடுக்குமாடியில் மேலும் கீழும் ஒரே பிளான். அதே 12க்கு 14, அதே 10 அடி. உங்கள் அறை எந்த ஒலிக்குக் கும்முகிறதோ, அதே ஒலிக்குக் கீழ் அறையும் கும்முகிறது. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் உள்ள இன்னொரு தந்தி தானாக அதிருமே, அது மாதிரி. ஸ்லாப்பைத் தாண்டி இறங்குவது கொஞ்சம்தான். அதைக் கீழ் அறை வாங்கி ஊதிப் பெரிதாக்குகிறது.

இந்தக் கும்மல் சுவர் ஓரத்திலும் மூலையிலும் உச்சம்; அறையின் நடுவில் குறைவு. படிக்கும் மேஜையை யார் அறை நடுவில் போடுகிறார்கள்? சுவரை ஒட்டித்தான் போடுவோம். அந்த அம்மா ஹாலில் நின்று கேட்டால் "அவ்வளவு ஒண்ணும் இல்லையே" என்பார், பெண் மேஜையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இருவர் சொல்வதும் உண்மை.

நீங்களோ சப்வூஃபரை மூலையில் வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே வைத்தால் பாஸ் எடுப்பாகக் கேட்கும். மூன்று திசைக் கும்மலையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும் இடம் அது என்பதுதான் அதன் ரகசியம். அதை அங்கிருந்து எடுத்து நீளச் சுவரின் சரியான நடுவில் வையுங்கள், இரண்டு பக்கமும் 7 அடி. அந்த இடத்தில் 40 ஹெர்ட்ஸ் கும்மல் கிட்டத்தட்ட எழும்பாது. வேண்டுமானால் பெட்டியை இன்னும் நாலைந்து இடம் மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் கீழே போய்க் கேட்டுப் பாருங்கள். படியேறி இறங்குவது உடம்புக்கும் நல்லது.

இனிக் கணக்கு. வங்கியில் இருந்தவர், எண்ணைக் கண்டு பயப்பட மாட்டீர்கள். உங்கள் ஸ்லாப் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை. அவ்வளவு எடை 50 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபல் தடுக்கும். மேலே பாட்டு நன்றாக ஓடும்போது அந்த பாஸ் 85 டெசிபல் இருந்தால் கீழே 50 இறங்கும். 50 ஹெர்ட்ஸில் மனிதக் காதுக்கு ஒலி எட்டத் தொடங்குவதே 44 டெசிபல் பக்கத்தில்தான். அதாவது கீழே கேட்பது அந்த 44 என்ற வாசற்படியைத் தாண்டி வெறும் ஆறு டெசிபல். அது எப்படிப் படிக்க விடாமல் செய்யும் என்று கேட்பீர்கள். தாழ்ந்த ஒலியில் நம் காது அப்படி. கேட்கத் தொடங்கும் இடத்தில் இருந்து நாலைந்து டெசிபல் ஏறினாலே நன்றாக உறைக்கும். நாலைந்து இறங்கினால் அப்படியே மறைந்துபோகும். பழைய ஆம்ப்ளிஃபயரில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, வால்யூம் குறைந்தால் பாஸ் முதலில் காணாமல் போவதைச் சரிக்கட்டத்தான் அது.

உங்களுக்கு இது நல்ல செய்தி. நீங்கள் கீழ்வீட்டுக்கு மௌனத்தை வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. 8 டெசிபல் குறைத்தால் போதும், அந்த "டொம்" வாசற்படிக்குக் கீழே போய்விடும். மூலையிலிருந்து நகர்த்துவதில் ஒரு பங்கு, காலடியில் மெத்தென்று வைப்பதில் ஒரு பங்கு, சப்வூஃபரின் பின்பக்கம் உள்ள லெவல் திருகைக் கொஞ்சம் திருப்புவதில் ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்து 8 டெசிபல் எட்டக்கூடியதுதான்.

போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டுக்கொண்டு கீழே போய் நிற்காதீர்கள். அவை பெரும்பாலும் 'ஏ' என்ற முறையில் அளக்கும். அந்த முறை 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். கீழே உண்மையில் 50 இருந்தால் கணக்கில் வருவது வெறும் 20. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதுவும் அந்த 'ஏ' கணக்கில்தான். ஆக இந்த வரம்புப்படி உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அந்தப் பெண்ணால் படிக்கவும் முடியாது. இந்த எண்ணைக் காட்டிக் கீழ்வீட்டில் வாதம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் பண்டிகைப் பலகாரம் படி ஏறுவதில்லை.

காலடி வேலைக்கு வருகிறேன். சப்வூஃபருக்கென்று விற்கும் ஃபோம் மேடை, ரப்பர் பாதம் எல்லாம் வாங்கலாம், தப்பில்லை. நான் செய்து பார்த்து நம்புகிற முறை இதைவிட மலிவு. கல் கடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அங்குலத் தடிமனில் ஒரு கடப்பாக் கல் வெட்டி வாங்குங்கள். 20 கிலோவைத் தாண்டும், தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் ட்யூப் ஒன்று, பழையதானாலும் காற்று இறங்காததாக இருக்கட்டும். ட்யூபைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல் கல், கல்லின் மேல் சப்வூஃபர். கல் தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மிதக்கும் அளவுக்குக் காற்று போதும். நிறைய அடித்தால் ட்யூப் விறைத்துக்கொண்டு பயனில்லாமல் போகும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கல்லைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கி விடுங்கள். நொடிக்கு நாலைந்து முறை நிதானமாக மேலும் கீழும் ஆடி அடங்க வேண்டும். அப்படி ஆடினால் 40 ஹெர்ட்ஸ் உதை கிட்டத்தட்ட எதுவும் அதைத் தாண்டித் தரைக்குப் போகாது. வால்வு முனை கல்லுக்கடியில் நசுங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், மாதத்துக்கு ஒரு தடவை காற்று பார்க்க வேண்டியிருக்கும். பேரன் பேத்தி வரும் வீடாக இருந்தால் பெட்டி சாயாமல் ஒரு பட்டியும் போட்டுவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு துணியைப் போர்த்தி மறைத்துவிடலாம், ஆனால் ஸ்பீக்கர் வாயைப் போர்த்திவிடாதீர்கள்.

டவர் ஸ்பீக்கர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. அடியில் கூரான ஆணி மாதிரி பாதம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். அந்த ஆணிகள் அதிர்வைப் பிரிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு; உண்மையில் அவை ஸ்பீக்கரைத் தரையோடு இறுக்கமாகக் கட்டிப்போடுகின்றன.

அந்த ரப்பர்-லேமினேட் தரை ஏன் உதவாது? மிதக்கும் தரை எதுவுமே, மேலே ஓர் எடை, கீழே ஒரு ஸ்பிரிங் என்கிற அமைப்புதான். எடை அதிகமாகவும் ஸ்பிரிங் மெத்தென்றும் இருந்தால்தான் தாழ்ந்த ஒலியைப் பிரிக்கும். 8 மில்லிமீட்டர் லேமினேட் சதுர மீட்டருக்கு 7 கிலோ பக்கம்தான் வரும். அதற்குக் கீழே ரப்பர் ஷீட் என்றால், ரப்பரின் இறுக்கத்தைப் பொறுத்து அந்த அமைப்பு 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ தானே ஆடும். அதற்கு மேலே உள்ள ஒலிக்குத்தான் பலன். உங்கள் பிரச்சினை 40க்கும் 60க்கும் நடுவில். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், செருப்புச் சத்தம், கரண்டி விழும் சத்தம் எல்லாம் அருமையாகக் குறையும். "டொம்" அப்படியே இருக்கும்.

கனமாகப் போட்டால்? அதையும் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் அடுத்த காண்ட்ராக்டர் வந்து அதைச் சொல்வார். ஸ்லாப் மேல் ராக்வூல் என்கிற பாறைப்பஞ்சுப் பலகையோ தகுந்த ஃபோமோ விரித்து, பாலித்தீன் போட்டு, சிக்கன் மெஷ் வைத்து 2 அங்குலம் கான்கிரீட் தளம் போடுவது. சுவரை எங்கும் தொடாமல் சுற்றிலும் அரை அங்குலம் மெத்தை நாடா. முறையான மிதவைத் தளம் இதுதான். சதுர அடிக்கு 11 கிலோ ஏறும். உங்கள் 168 சதுர அடிக்கு 1,848 கிலோ. குடியிருப்பு அறையின் தளத்தை ஆள், தட்டுமுட்டுச் சாமானுக்கெல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். சதுர அடிக்கு 19 கிலோ கூட இல்லை. அதில் பாதிக்கு மேல் இந்தத் தளமே தின்றுவிடும். உங்கள் இசைத்தட்டு அலமாரியின் கனம் உங்களுக்கே தெரியும். கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் இதைத் தொடவே கூடாது. அசோசியேஷன் அனுமதியும் வேண்டும். கதவை அறுக்க வேண்டும், வாசலில் மூன்று அங்குலப் படி வரும், வயதான காலத்தில் தடுக்கும்.

இத்தனை பட்ட பிறகும் இந்தத் தளம் ஆடும் இடம் எது தெரியுமா? வழக்கமான மெத்தை அடுக்கோடு கணக்குப் போட்டால் 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சரியாக உங்கள் அறை கும்மும் இடம். 70 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இது நன்றாக வேலை செய்யும். ஸ்லாப்பைத் தடிமனாக்கினால் போதாதா என்றால், எடையை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 5, 6 டெசிபல். 5 அங்குல ஸ்லாப் மேல் இன்னொரு 5 அங்குல ஸ்லாப் போட்டுக் கிடைப்பதை, நீங்கள் லெவல் திருகில் விரலால் பெற்றுவிடலாம்.

ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்திருப்பீர்கள். வளைவு மட்டும்தான் இப்போது மிச்சம். "ஸ்டுடியோ மாதிரி பண்ணிக் கொடுங்க" என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது, ஒலிப்பதிவுக்கூடம் கட்டுகிறவர்கள் தரையை மட்டும் பார்ப்பதில்லை என்பதுதான். அறைக்குள் இன்னோர் அறையை, தரை, சுவர், கூரை எதுவும் வெளி அறையைத் தொடாமல் நிறுத்துவார்கள். தரையை மட்டும் மிதக்கவிட்டால் அதிர்வு சுவர் வழியாக இறங்கிவிடும்.

மிதவைத் தளத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. காலடிச் சத்தத்துக்கு அதைப்போல வேறில்லை. பல வருடத்துக்கு முன்னால் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் பரதம் பயிலும் பெண்ணுக்காக ஒன்று போட்டேன். தட்டடவு ஆடினால் கீழே முழு அமைதி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். போட்டு முடித்து, உலர்ந்து, முதல் நாள் அந்தப் பெண் ஆட, நான் கீழே நின்றேன். தட், தட் என்று முன்பு போலவே விழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் ஒரு சுத்தியலின் மரப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் 'தொப்' என்று வந்த சத்தம் ஜன்னலோரம் ஓர் இடத்தில் மட்டும் 'டிக்' என்று வந்தது. அங்கே கட்டர் வைத்து அறுத்துப் பார்த்தால், பாலித்தீன் ஒரு சாண் கிழிந்திருந்தது. கலவையை வாரும்போது மண்வெட்டி பட்டிருக்கிறது. கிழிசல் வழியாகச் சிமெண்ட் பால் இறங்கி, ராக்வூல் பலகைகளின் இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியாகி, மேல்தளத்தையும் ஸ்லாப்பையும் ஒட்டவைத்திருந்தது. இது போதாதென்று சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டையை ஒட்ட வந்தவர் சுவருக்கும் தரைக்கும் நடுவில் விட்டிருந்த சந்தை 'பூச்சி போகும் சார்' என்று நல்லெண்ணத்தோடு வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். ஆணி அடித்தது போல ஆகிவிட்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கலவை கொட்டிய இரண்டு மணி நேரமும் நான் அங்கே இருந்திருக்க வேண்டும், டீ குடிக்கப் போயிருந்தேன். அந்த முடிச்சை வெட்டி எடுத்து, ஸ்கர்டிங்கை அரை விரல் தூக்கி மறுபடி ஒட்டிய பிறகுதான் தளம் வேலை செய்தது. இப்போதெல்லாம் கலவை கொட்டும் நாளில் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா, ஃபோம் ஒட்டலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியே போகும் ஒலியைத் தடுக்காது. தரைக்கு நல்ல தடித்த ஜமக்காளமோ கார்ப்பெட்டோ விரியுங்கள், உங்கள் காதுக்குப் பாட்டு தெளிவாகும். கீழ்வீட்டுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

கீழ்வீட்டுக் கூரையில் ராக்வூல் வைத்து இரட்டை ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போடுவது குரல், வயலின் மாதிரியான ஒலிக்கு நல்ல வைத்தியம். அவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லாதபோது அவர்கள் வீட்டில் போய் ஏன் தூசி கிளப்ப வேண்டும்?

டர்ன்டேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. அதை சப்வூஃபர் இருக்கும் சுவரிலிருந்து தள்ளி, முடிந்தால் சுவரில் அடித்த தனி ஷெல்ஃபில் வையுங்கள். தரையில் வரும் அதிர்வு ஊசி வழியாக ஏறி மறுபடி சப்வூஃபரிலேயே வெளிவந்து சுற்றிக்கொண்டிருக்கும். இசைத்தட்டில் மட்டும் "டொம்" அதிகமாகவும் சி.டி.யில் குறைவாகவும் இருந்தால் இதுதான் காரணம். போனோ ஆம்ப்ளிஃபயரில் 'சப்சானிக்' அல்லது 'ரம்பிள்' என்று பொத்தான் இருந்தால் அழுத்தி வையுங்கள். தட்டின் வளைவால் வரும் தேவையில்லாத ஆட்டத்தை அது வெட்டிவிடும், பாட்டில் ஒன்றும் குறையாது.

கச்சேரி கேட்கும்போது சப்வூஃபரை அணைத்தே வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் பக்கம். தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65. டவர் ஸ்பீக்கரே அதைத் தாராளமாகக் கொடுக்கும். கச்சேரியில் சப்வூஃபர் கொடுக்கும் கூடுதல் கனம் பெரும்பாலும் சபா மைக்கில் விழுந்த கால் தட்டலும் ஏ.சி. முனகலும்தான். சினிமாப் பாட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது நேரம். பொதுத் தேர்வு மார்ச்சில் வந்துவிடும். கீழே போய்ச் சோதனை செய்யும் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம், அம்மாவிடம் அல்ல, நேராகக் கேளுங்கள்: "எத்தனை மணிக்குப் படிக்கிற பாப்பா?" டியூஷன் போய்விட்டு வரும் நேரம், தூங்கும் நேரம் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவள் வீட்டில் இல்லாத இரண்டு மணி நேரம் கட்டாயம் இருக்கும்; சினிமாப் பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நடக்கும் அந்த மூன்று வாரம் ஹெட்போன் போதும்.

சோதனையில் சப்வூஃபர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த நாற்காலியில் "டொம்" கேட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்படியானால் பில்டர் கொடுத்த வரைபடத்தில் ஸ்லாப்பின் தடிமன், பீம் எங்கெங்கே ஓடுகிறது, உங்கள் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் குழாய் போகும் ஷாஃப்ட் ஏதும் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துக் குறித்து அனுப்புங்கள். டைல்ஸை மட்டும் அதுவரை யாரையும் தொட விடாதீர்கள்.